செவலைக்குச் சினை பிடித்த கதை

செவலை சினையாகிவிட்டாள் என்று போட்டோ போட்டதிலிருந்து “என்ன மருந்து கொடுத்தீங்க டீச்சர்?” என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

மூன்று முறை ஊசி போட்டும் நிற்கவில்லை. வீட்டுக்காரர் தரகரிடம் விலையே பேசிவிட்டார். சினை நிற்காத மாடு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்போதுதான், என்னிடம் படித்து இன்று கால்நடை மருத்துவராக இருக்கும் மாணவன் இந்த முறையைச் சொன்னான். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக முன்னாள் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தொகுத்த மரபு மருத்துவத்தில் இருப்பதுதான். தேசிய பால்வள வாரியமும் பரப்புகிறது.

மாடு பருவத்துக்கு வந்த முதல் அல்லது இரண்டாம் நாள் தொடங்க வேண்டும். தினம் ஒரு வெள்ளை முள்ளங்கி, 5 நாள். பிறகு தினம் ஒரு சோற்றுக்கற்றாழை மடல், 4 நாள். அடுத்து முருங்கைக்கீரை நான்கு கைப்பிடி, 4 நாள். பிரண்டை அதே அளவு, 4 நாள். கடைசியில் கறிவேப்பிலை நான்கு கைப்பிடி, மஞ்சளோடு 4 நாள். எல்லாம் பச்சையாக, வெல்லமும் உப்பும் சேர்த்து தினம் ஒரு வேளை. கூட்டிப் பாருங்கள், 21 வருகிறதா? மாட்டின் பருவச் சுழற்சியும் ஏறத்தாழ 21 நாள்தான். அடுத்த பருவத்தில் ஊசி.

என் தம்பி, “பப்பாளி விதையையும் அரைச்சுப் போடுக்கா, செடிதானே” என்றான். மாணவன் பதறிவிட்டான். ஜெய்ப்பூரில் ஆண் குரங்குகளுக்குப் பப்பாளி விதைச் சாறு கொடுத்துப் பார்த்ததில் விந்தணுவே இல்லாமல் போய், நிறுத்திய பிறகுதான் திரும்பியதாம். செவலை பெண்தான், ஆனாலும் ‘செடிதானே’ என்ற பேச்சை அதோடு விட்டோம்.

இப்போது ஒரு உண்மை. சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று உங்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தவள் நான். செவலை விஷயத்தில் மூன்றை மாற்றினேன். இலை கொடுத்த அதே மாதம் தாது உப்புக் கலவையும் ஆரம்பித்தேன். ஊசி நேரத்தையும் திருத்தினோம். முன்பெல்லாம் ராத்திரி கத்தினால் மறுநாள் சாயங்காலம்தான் ஆள் வரச் சொல்லுவோம். காலையில் கத்தினால் அன்று மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை என்று அவன்தான் திட்டித் திருத்தினான். எது வேலை செய்தது? எனக்குத் தெரியாது. அதனால் முதலில் டாக்டரிடம் கர்ப்பப்பையைப் பரிசோதித்துவிட்டு, பிறகு முள்ளங்கி வாங்குங்கள்.

வீட்டுக்காரர் தரகர் நம்பரை இன்னும் போனில் வைத்திருக்கிறார். கன்று விழுந்ததும் நானே அழிக்கப்போகிறேன்.