மண்டையோடு இல்லாத பேரல்

பத்தாம் வகுப்போடு கெமிஸ்ட்ரிக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு ரசாயனத்தைப் பற்றிப் பதிவு போட்டால் என் வகுப்பு நண்பர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் இந்தப் பதிவு உண்மையில் வகைப்படுத்துவதைப் பற்றியது. எதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது பி.காம். படிக்கிற நமக்குத் தெரிந்த வேலைதானே?

போன லீவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எடுபிடி வேலைக்குப் போயிருந்தேன். கோவை பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறைக்கு ஸ்டாக் எடுக்க அனுப்பினார்கள். இரும்புக் கம்பி இத்தனை, பித்தளை இத்தனை, முடிந்த ஸ்க்ரூ இத்தனை பெட்டி என்று எழுதிக்கொண்டே போனேன். பின்னால் ஒரு மூலையில் நீல நிற பேரல். பக்கத்தில் மூடி இல்லாத தொட்டி. காற்றில் ஒரு இனிப்பு வாசனை.

"இது என்னங்ண்ணா?"

"டி.சி.இ. தம்பி. ஸ்க்ரூவுல இருக்கற ஆயில் பிசுக்கு எடுக்கறது."

"வாசனை ஒரு மாதிரி இருக்குதுங்களே?"

"கொஞ்ச நேரத்துல தலை கிர்ருங்கும். வெளிய போய் ஒரு டீ குடிச்சா சரியாப் போயிரும்." பிறகு அவரே பேரலைத் தட்டிக் காட்டினார். "மண்டையோடு போட்டிருந்தாத்தான தம்பி விசம்? இதுல பாரு, ஆச்சரியக்குறிதான் போட்டிருக்கறான்."

பார்த்தேன். உண்மைதான், மண்டையோடு இல்லை. ஒரு ஆச்சரியக்குறி இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு படம்: ஒரு ஆளின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போல. அந்தப் படம் என்ன சொல்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நோட்டில் "டி.சி.இ. - 1 பேரல் - கன்சூமபிள்ஸ்" என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அந்த நெஞ்சு நட்சத்திரம் போகவில்லை. தேட ஆரம்பித்தேன். இரண்டு வாரம் போனதே தெரியவில்லை.

டி.சி.இ. என்றால் டிரைகுளோரோஎத்திலீன். 1864-ல் ஃபிஷர் என்ற வேதியியலாளர் தயாரித்தது. இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் இதைக் கொண்டாடின. காரணம் புரிகிறது. பெட்ரோல் மாதிரி சட்டென்று தீப்பிடிக்காது, எண்ணெய்ப் பிசுக்கை நொடியில் கரைக்கும், துடைக்காமலே காய்ந்துவிடும். 87 டிகிரியில் கொதிக்கும். தொட்டியில் சூடாக்கினால் எழும் ஆவி, குளிர்ந்த இரும்பில் பட்டுத் துளியாகி, பிசுக்கோடு கீழே சொட்டும். தலை கிறுகிறுப்பதும் சும்மா இல்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே இதை மயக்க மருந்தாகவும், பிரசவ வலி குறைய முகரக் கொடுப்பதற்கும் பயன்படுத்தினார்கள். காபிக்கொட்டையிலிருந்து காஃபினைப் பிரிக்கவும் இதுதான். அமெரிக்காவில் 1977-ல்தான் மருந்து, உணவு உபயோகங்களுக்குத் தடை வந்தது.

முதலில் அந்த மண்டையோட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். பேரலில் ஒட்டும் படங்களுக்கு ஐ.நா. 2003-ல் வெளியிட்ட ஒரு உலகப் பொதுமுறை இருக்கிறது. ஜி.எச்.எஸ். என்பார்கள். அதில் மண்டையோடு வாங்க வேண்டுமென்றால், சிறு அளவு உள்ளே போனாலே ஆளைச் சாய்க்கும் உடனடி விஷமாக இருக்க வேண்டும். டி.சி.இ. அப்படிப்பட்டது அல்ல. அதனால் மண்டையோடு கிடைக்கவில்லை. கண் எரிச்சல், தோல் எரிச்சல், தூக்கக் கலக்கம் இவற்றுக்கு ஆச்சரியக்குறி. புற்றுநோய், மரபணுச் சேதம் போல வருடக்கணக்கில் வரும் கேடுகளுக்குத்தான் அந்த நெஞ்சு நட்சத்திரம். ஐரோப்பியப் பட்டியல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் 1பி பிரிவில் வைத்திருக்கிறது.

அதாவது அண்ணன் படத்தைச் சரியாகத்தான் படித்தார். "இன்றைக்குச் சாக மாட்டாய்" என்று அது சொன்னது. "அதனால் ஒன்றும் ஆகாது" என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அப்படியேதான் படித்தேன்.

அடுத்து பிரான்சின் லியோன் நகரத்துக்குப் போவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் வரும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, சுருக்கமாக ஐ.ஏ.ஆர்.சி., அங்கேதான் இருக்கிறது. எது மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பட்டியல் போடுவது இவர்கள் வேலை. குரூப் 1 என்றால் உண்டாக்கும். 2ஏ என்றால் அநேகமாக உண்டாக்கும். 2பி என்றால் உண்டாக்கலாம். குரூப் 3 என்றால் வகைப்படுத்த முடியவில்லை.

டி.சி.இ.யின் கணக்கைப் பாருங்கள். 1979-ல் குரூப் 3. 1987-ல் மறுபடி பார்த்தார்கள், குரூப் 3. 1995-ல் 2ஏ. 2012 அக்டோபரில் குரூப் 1.

பொருள் மாறவில்லை. 1979-ல் இருந்த அதே டி.சி.இ.தான் 2012-லும். அதே வாசனை, அதே 87 டிகிரி. மாறியது நம்மிடம் இருந்த ஆதாரம் மட்டும்.

இங்கேதான் எனக்கு அக்கவுண்ட்ஸ் வகுப்பு ஞாபகம் வந்தது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் என்ன செய்வோம்? வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். அது எங்கே போக வேண்டிய தொகை என்று இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். சஸ்பென்சில் இருக்கும் தொகையைப் பூஜ்யம் என்று யாராவது எழுதினால் சார் பேப்பரைக் கிழித்து எறிவார். குரூப் 3 என்பது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். ஆனால் உலகம் அதைப் பூஜ்யம் என்று வாசித்துக்கொண்டது.

அப்படி வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு ஊர் இருக்கிறது. வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் என்ற கடற்படைவீரர் முகாம். 1953 முதல் 1987 வரை அங்கே குடிநீரில் டி.சி.இ., டிரை கிளீனிங் கடைகளில் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன், பென்சீன் எல்லாம் கலந்திருந்தன. வீரர்கள், மனைவிமார், கைக்குழந்தைகள் என்று எல்லோரும் குடித்தார்கள், குளித்தார்கள். 1982 மே மாதம் குழாய்த் தண்ணீரில் அளந்தபோது டி.சி.இ. மட்டும் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம். பின்னாளில் அமெரிக்கா குடிநீருக்கு வைத்த உச்சவரம்பு 5. கணக்குப் போட்டால் 280 மடங்கு. அந்த 1982-ல் லியோன் பட்டியல் என்ன சொல்லிக்கொண்டிருந்தது? குரூப் 3.

பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போக வழி செய்யும் சட்டம் 2022 ஆகஸ்டில்தான் வந்தது. 2023-ல் ஒரு மருத்துவ ஆய்வு வெளியானது. கேம்ப் லெஜூனில் இருந்த வீரர்களையும் கலிபோர்னியாவில் கேம்ப் பெண்டில்டனில் இருந்த வீரர்களையும் ஒப்பிட்டார்கள். லெஜூன்காரர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று வந்தது. கேட்டது புற்றுநோய்க் கணக்கு, நடுவில் நரம்பு நோயும் வந்து நிற்கிறது.

சரி, சஸ்பென்சில் இருந்த தொகை எப்படி இடம் மாறியது? அதை மாற்றியவர்களும் தொழிலாளிகள்தான். தங்கள் சிறுநீரகத்தைக் கொடுத்து மாற்றினார்கள். ஜெர்மனியில் ஒரு அட்டை ஆலையில் டி.சி.இ. புழங்கிய 169 பேரில் 5 பேருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. அதே ஆலையில் அதைப் புழங்காத 190 பேரில் ஒருவருக்கும் இல்லை. 1995-ல் இந்த ஆய்வு வெளிவந்தபோது "சிறிய எண்ணிக்கை" என்று விமர்சித்தார்கள். பிறகு பிரான்சில் ஆர்வ் பள்ளத்தாக்கு. இது ஸ்க்ரூ கடைசலுக்குப் பேர்போன பகுதி. 2006-ல் வந்த ஆய்வில், வாழ்நாளில் அதிகமாக டி.சி.இ. புழங்கியவர்களுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. ஸ்க்ரூ, பிசுக்கு, தொட்டி... படிக்கும்போது எனக்கு அந்தப் பட்டறையின் மூலைதான் கண்ணில் வந்தது.

ஒரு எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். குரூப் 1-ல் சிகரெட்டும் இருக்கிறது, பதப்படுத்திய இறைச்சியும் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு ஆபத்தா? இல்லை. அந்த எண் ஆதாரத்தின் உறுதியைச் சொல்கிறது, விஷத்தின் வேகத்தை அல்ல. இன்சூரன்ஸ் பாடத்தில் ஹசார்டு வேறு, ரிஸ்க் வேறு என்று படித்தோமே, அதேதான். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை என்பது ஹசார்டு. அதன் ஓரமாக யார், எந்த இருட்டில், தினம் எத்தனை தடவை நடக்கிறார் என்பதையும் சேர்த்தால்தான் ரிஸ்க். ஆகவே டி.சி.இ. தொட்டவருக்கெல்லாம் புற்றுநோய் என்று யாரும் பயமுறுத்தக் கூடாது.

ஆனால் இந்த வாதத்தைச் சௌகரியத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. "வெறும் ஹசார்டுதானே" என்கிறவர் ஓரமாக நடக்கிறவர் அல்ல. ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருப்பவர்.

எவ்வளவு வரை பரவாயில்லை என்ற எண்ணும் நிலையாக நின்றதில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா வேலையிடக் காற்றுக்கு வைத்த வரம்பு பத்து லட்சத்தில் 100 பங்கு. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டி.சி.இ.க்குத் தடை அறிவித்தது. சில உபயோகங்களுக்கு மட்டும் தற்காலிக விலக்கு. விலக்குப் பெற்ற இடத்தில் காற்றில் இருக்கலாம் என்று அது சொன்ன அளவு 0.2 பங்கு. 500-ல் ஒன்று! உடனே பல தரப்பிலிருந்து வழக்குகள், 2025-ல் சில பகுதிகள் தள்ளிவைப்பு.

கணக்கில் நமக்கு முதல் வருடமே சொல்லித் தருவது கன்சர்வேட்டிசம். வரப்போகும் லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கு. கடன்காரர் ஓடிப்போகும் வரை காத்திருக்காமல், சந்தேகம் வந்த உடனே வாராக்கடனுக்கு ஒரு தொகை ஒதுக்குகிறோம். பணத்துக்கு இவ்வளவு ஜாக்கிரதை. ஆளுக்கு மட்டும் நேர்மாறாக, கடைசி ரூபாயும் மூழ்கிய பிறகுதான் என்ட்ரி போடுகிறோம். விஞ்ஞானிகள் ஆதாரம் போதாது என்று சொன்னது நேர்மை. அதில் தப்பில்லை. அந்தச் சஸ்பென்ஸ் காலத்தில் தொட்டிக்கு மூடி போடாமல் இருந்ததுதான் தப்பு. மூடி போடுவதற்கு குரூப் 1 வர வேண்டியதில்லை.

போன வாரம் நானாக அந்தப் பட்டறைக்குப் போனேன். ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். நெஞ்சு நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம். ஆவி காற்றைவிடக் கனம், தொட்டிக்குள்ளும் தரையோரமும் தேங்கும், குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம். கைக்குட்டையோ துணி மாஸ்கோ ஆவியைத் தடுக்காது. வேலை முடிந்து குடித்தால் முகம் குப்பென்று சிவக்கும், அதுவும் இதனால்தான் (1974-லேயே அமெரிக்க டாக்டர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்). எந்த டாக்டரிடம் போனாலும் என்ன வேலை, எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். தண்ணீரில் கலக்கும் காரக் கிளீனர்கள் இருக்கின்றன, முதலாளியிடம் கேளுங்கள்.

அண்ணன் நிதானமாகப் படித்தார். முகம் சிவக்கும் வரி வந்ததும் சிரித்தார். "அடப்பாவி, நான் சரக்கு சரியில்லைன்னில்ல நெனச்சேன்." பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பதினோரு வருசம் ஆச்சு தம்பி. அப்ப எனக்கு எந்த குரூப்பு?"

இரண்டு வாரம் படித்ததில் இதற்குப் பதில் எங்கேயும் இல்லை. பொருளுக்குத்தான் குரூப் உண்டு, ஆளுக்குக் கிடையாது என்று சொன்னேன். இரண்டு மடங்கு என்பது நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, தனி ஆளுக்கு அதை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். புரிந்ததா, பாவம் படிக்கிற பையன் என்று விட்டுவிட்டாரா, தெரியவில்லை.

முதலாளியிடமும் பேசினேன். வெள்ளை மாஸ்டரைப் போல முறைத்தாலும் கடைசியில் "சரி, மூடி செய்யச் சொல்றேன்" என்றார். கிளம்பும்போது தொட்டி மேல் ஒரு தகரம் கிடந்தது. அளவு பத்தவில்லை, ஒரு பக்கம் இடைவெளி. அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கிற காமர்ஸ் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு நீங்களும் ஸ்டாக் எடுக்கப் போவீர்கள். எந்தப் பேரலையும் கன்சூமபிள்ஸ் என்று எழுதுங்கள், தப்பில்லை. எழுதுவதற்கு முன்னால் அதன் மேல் இருக்கும் படத்தை ஒரு தடவை பாருங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அதைப் படித்துச் சொல்லுங்கள்.