அடைவுக்குப் போன கோட்டு

1990களில் அம்மா பலெர்மோவின் வியா லிபெர்த்தாவில் ஒரு வயதான சின்யோரா வீட்டில் வேலை செய்தா. பள்ளிக்கூடம் விட்டால் நானும் அங்கேதான். துடைத்த தரை காயும்வரை காலைத் தூக்கிக்கொண்டு சின்யோராவோடு சோபாவில் இருக்கவேண்டும். டிவியில் அநேகமாக இத்தாலிய நகைச்சுவை நடிகர் தொத்தோவின் படம் ஓடும்.

'மிசேரியா எ நொபில்த்தா'வை (1954) அப்படித்தான் பார்த்தேன். நாப்போலியில் இரண்டு குடும்பம் ஒரே வீட்டுக்குள் பட்டினி கிடக்கும். கூட்டாளி தன் கோட்டைக் கழற்றித் தொத்தோவிடம் கொடுத்து, அடைவு வைத்துச் சாமான் வாங்கிவரச் சொல்வான். ஸ்பகெத்தி, சொசேஜ், முட்டை, வைன்... மொஸ்ஸரெல்லாவை விரலால் அமத்திப் பார், பால் கசிந்தால் மட்டும் வாங்கு என்று பக்குவம் வேறு. பட்டியல் நீள நீள, அம்மா தும்புத்தடியோடு கதவடியில் நின்று கண்ணில் தண்ணி வரச் சிரிச்சா. தாலிக்கொடியை அடைவு வைத்து எங்களைக் கூட்டிவந்தவ. எதற்கு எவ்வளவு தருவார்கள் என்று அவவுக்குத் தெரியும்.

சின்யோரா சிரிப்பது ஸ்பகெத்தி வந்த பிறகு. எல்லாரும் கையால் அள்ளித் திணிக்க, தொத்தோ மேசையில் ஏறிச் சட்டைப் பைக்குள்ளும் அடைப்பான். அதற்கு மட்டும் அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கும் வேணுமெல்லே" என்றா.

பிறகு அதே பட்டினிக்காரர் பிரபுக்களாக வேடம் கட்டிக்கொண்டு, பணக்காரனாகிவிட்ட ஒரு பழைய சமையற்காரன் வீட்டுக்குப் போவார்கள். அவனுக்கோ பிரபுக்களோடு சம்பந்தம் செய்ய ஆசை. நிஜத்தில் தொத்தோவும் லேசுப்பட்டவரில்லை. 1898இல் நாப்போலியின் சனித்தா என்ற ஏழைப் பகுதியில், மணமாகாத தாய்க்குப் பிறந்தவர்; பின்னாளில் நீதிமன்றம் ஏறி இளவரசர் பட்டத்தை நிலைநாட்டிக்கொண்டார். பிரபுக்களை நக்கலடித்தவருக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். நாளைக்கும் வேணுமே என்ற அதே பயம்தான் என்பேன். இந்தமுறை பைக்குள் போனது பட்டம்.

இயக்குநர் கொமென்சினியின் 'லோ ஸ்கொபோனே ஷியெந்திஃபிகோ' (1972) ஓடிய அன்று அம்மாவும் வேலையை விட்டுவிட்டு இருந்து பார்த்தா. பணக்கார அமெரிக்கக் கிழவியாக பெட்டி டேவிஸ். வருடா வருடம் ரோமுக்கு வந்து, சேரியிலிருக்கும் ஒரு தம்பதியைக் கூப்பிட்டு, ஆட முதலும் தானே கொடுத்துச் சீட்டாடுவாள். தம்பதியாக வரும் அல்பெர்த்தோ சோர்தியும் சில்வானா மங்கானோவும் வெல்வார்கள், வெல்வார்கள், பிறகு எல்லாமே போய்விடும். தோற்கத் தோற்க அவள் பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம். இவர்கள் ஒருதரம் தோற்றால் சரி. முடிவில் அந்தத் தம்பதியின் மகள், ஊருக்குக் கிளம்பும் கிழவிக்கு நஞ்சு கலந்த கேக்கைப் பரிசாகக் கொடுப்பாள்.

சின்யோரா கையால் வாயைப் பொத்திக்கொண்டா. அம்மா தமிழில் எனக்கு மட்டும் சொன்னா: "கேக் நல்ல வடிவா வந்திருக்கு."