சில்லேறிய மனை

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணஞ் செய்து பார்’ என்பது நம்மவர் பழமொழி. வீட்டுக்குச் சில்லுப் பூட்டிப் பார் என்று மூன்றாவதொன்றையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பதை, 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் ஜேர்மனி நாட்டிலே நாம் கண்டறிந்தோம்.

எமது தமக்கையாரும் அத்தானும் அந்நாட்டின் தென்மேற்கிலுள்ள ஸ்ருட்கார்ட் நகரில் வாழ்கின்றனர். அன்னையாரையும் அழைத்துக்கொண்டு அங்கு போய் இறங்கிய மறுநாட் காலையே, “தம்பி, நல்ல சமயத்தில் வந்திருக்கிறாய். நாங்கள் ஒரு வோண்மொபில் வாங்கப்போகிறோம்” என்றார் அத்தான். தமக்கையாரோ ஒன்றும் பேசாது தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். அம்மௌனத்தின் பொருள் எமக்குத் தெரியும். முப்பது ஆண்டுச் சேமிப்பில் பெரும்பகுதி இதற்காகப் புறப்பட ஆயத்தமாயிருந்தது.

வோண்மொபில் என்பது யாதெனில், தானே ஓடும் வீடு. காரின் பின்னே கட்டி இழுக்கும் கரவன் வேறு, இது வேறு. முன்னே சாரதியின் ஆசனம்; பின்னே படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, நீர்த்தாங்கி, கழிப்பறை யாவும் ஒரு சிறு அறையளவான இடத்தில் அடங்கியிருக்கும். ஹோட்டல் உணவைக் கையாலுந் தொடாத எம் அன்னையார், “அடுப்பு இருக்குமெனில் நானும் வருவேன்” என்று முதலிலேயே தம் வாக்கை அளித்துவிட்டார்.

அத்தானுக்கு இந்த ஆசை ஏன் வந்தது என்பதை அன்றிரவே அறிந்தோம். அவர் 1986இல் அங்கு அகதியாய்ச் சென்றவர். அக்காலத்தில் அடைக்கலங் கோரியோர் தமக்கு விதிக்கப்பட்ட மாவட்டத்தைவிட்டு அனுமதிச் சீட்டின்றி வெளியேறலாகாது என்பது சட்டம். பக்கத்து மாவட்டத்திலிருந்த நண்பனின் திருமணத்துக்குத்தானும் போகவியலாது அறைக்குள் இருந்த நாளை அவர் மறக்கவில்லை. அனுமதி கிடைத்தபின் தொழிற்சாலை, இரவு வேலை, பிள்ளைகளின் படிப்பு. 2021இல் இதயக் குழாயில் அடைப்பு நீக்கும் சிகிச்சையும் நடந்தது. “இந்த நாட்டில் முப்பத்தேழு வருடம் இருந்துவிட்டேன் தம்பி. பார்த்தது என்ன? பக்ரறியும் வீடும் கோயிலுந்தானே!” என்றார்.

முதலாவது வண்டியைப் பார்க்க அவ்வார இறுதியிலேயே புறப்பட்டோம். விற்பவர் இனிய முதியவர். வண்டியும் வெள்ளை வெளேரென்று மின்னிற்று. விலை 34,000 யூரோ. அத்தான் உள்ளே ஏறி, மேசையருகில் அமர்ந்து, சாளரத் திரையை விலக்கிப் பார்த்தார். அக்கணமே அவர் மனம் அதிற் குடிபுகுந்துவிட்டது. முற்பணத்துக்கான உறையும் சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது.

இயந்திர நுட்பம் நாம் அறியோம். ஆயினும் படுக்கைக்கு மேலிருந்த அலுமாரியைத் திறந்தபொழுது எழுந்த மணம் எமக்கு நன்கு பழகியது. மாரி காலத்தில் எமது கல்லூரி நூல்நிலையத்தின் பின்னறையைத் திறந்தால் வருகின்ற ஈரக் காகித மணமே அது. “அத்தான், பணத்தை உடனே கொடுக்கவேண்டாம். இதனுள் எங்கோ மழைநீர் புகுந்திருக்கிறது” என்றோம். அவர் முகம் கறுத்தது. “புத்தகம் படிப்பித்தவனுக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும்?” என்று அவர் கேட்டாரல்லர்; கேட்டதுபோல இருந்தது.

எனினும் தமக்கையார் விடவில்லை. நிபுணர் ஒருவரை அழைத்து ஈரமானியால் அளப்பித்தார். இவ்வண்டிகளின் சுவர் மூன்றடுக்காய் அமைவது வழக்கம்: வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவே நுரைப் பலகையும் மரச் சட்டமும், உள்ளே ஒட்டுப்பலகை. கூரைச் சாளரத்தின் விளிம்பிலோ மூலைப் பொருத்திலோ பசை வெடித்தால், நீர் துளித்துளியாய் உள்ளே புகுந்து சட்டத்தை உளுக்கச் செய்யும். வெளித்தோற்றமோ சிறிதும் மாறாது. நல்ல சுவரில் ஈரமானி 15 வீதத்துக்குக் கீழே காட்டும். 20ஐக் கடந்தால் ஐயுறவேண்டும். அம்மூலையில் அது 30ஐயுந் தாண்டிற்று. நிபுணர் பெருவிரலால் அழுத்தவே பலகை பாண்துண்டுபோல உள்வாங்கியது. அத்தான் உறையைச் சட்டைப் பையில் வைத்தார். வீடு திரும்பும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இரண்டாவது வண்டி தெற்கே, மேற்சுவாபிய நாட்டுப் புறத்தில் இருந்தது. போகும் வழியில் பாட் வால்ட்சே என்னும் சிற்றூரில் இறங்கினோம். இவ்வகை வாகனங்களுக்கென்றே 2011இல் திறக்கப்பட்ட எர்வின் ஹைமர் அரும்பொருட்சாலை அங்குள்ளது. மாணவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றை அவ்வூர் உடையது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் செங்குத்தாய் எழும் ரொக்கெற் விமானத்தை அங்கு அமைத்த எரிக் பாக்கெம் என்னும் பொறியியலாளரே, 1957இல் எர்வின் ஹைமருடன் கூடிக் குடும்பங்கள் உலாப்போவதற்கான கரவன் வண்டியையும் உருவாக்கினார். 1961இல் ஹைமர் தமது முதலாவது வோண்மொபிலைச் செய்தார். போருக்கு உழைத்த மூளை பின்னர் பிள்ளைகள் உறங்கும் தொட்டிலுக்கு உழைத்தமை எண்ணுந்தோறும் இன்பந் தருகிறது.

அங்கிருந்து தொலைவில்லாத இஸ்னி என்னும் ஊருக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. சாட்டைகளும் பனிச்சறுக்குக் கோல்களும் செய்து விற்ற அரிஸ்ற் டெத்லெவ்ஸ் என்பவர், வியாபாரப் பயணங்களால் தம் துணைவியைப் பிரிந்திருக்க மனமின்றி, 1931இல் காரின் பின்னே இழுக்கும் வீடொன்றை அமைத்தார். அவ்வம்மையார் ஓவியர், போகுமிடமெங்கும் அதுவே அவருக்குச் சித்திரக்கூடமுமாயிற்று. இக்கதையைக் கேட்ட தமக்கையார், “பார்த்தீர்களா, அந்த மனிதன் பெண்சாதிக்காகச் செய்தது!” என்றார். பல நாட்களுக்குப்பின் அத்தான் சிரித்தார்.

இரண்டாவது வண்டி 2012இல் கட்டப்பட்டது. பியட் டுக்காட்டோ அடித்தளத்தின்மேல் அமைந்தது. விலை 38,500 யூரோ. சுவர்கள் உலர்ந்திருந்தன. ரயர்களின் பூக்கள் புதியனபோல் தோன்றின. ஆனால் அவற்றின் பக்கத்திற் பொறித்த இறுதி நான்கு இலக்கங்கள் 1814 என்றிருந்தன. 2014ஆம் ஆண்டின் 18ஆம் வாரத்தில் செய்யப்பட்டவை என்பது அதன் பொருள். வண்டி நின்றபடியே இருந்தாலும் இறப்பர் முதுமையடையும். புதிய ரயர்கள் பூட்டித்தரவும், ஈராண்டுக்கொருமுறை செய்யப்படும் வாயுச் சோதனையை மீண்டும் நடத்திப் பத்திரந் தரவும் விற்பவர் இசைந்தார்.

அதன்பின்னரே பெருஞ் சிக்கல் எழுந்தது. அருகிலே அதனிலும் பெரிய, 4,500 கிலோ வரை அனுமதிபெற்ற வண்டியொன்று நின்றது. அத்தான் 1991இல் சாரதிப் பத்திரம் பெற்றவர். 1999க்கு முன்னர் அங்கு பெற்ற பழைய பத்திரத்தால் 7,500 கிலோ வரை ஓட்டலாம். தமக்கையாரோ 2003இற் பெற்றவர். அவருக்கு 3,500 கிலோவே எல்லை. பெரிய வண்டியை அத்தான் தடவிப் பார்த்து நின்றபொழுது தமக்கையார் அமைதியாய்ச் சொன்னார்: “வழியில் உங்களுக்கு நெஞ்சு நோவந்தால், உங்களை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகிறது யார்? நான் ஓட்டக்கூடிய வண்டியை வாங்குங்கோ.” அவர் அத்தனை நாளும் மௌனமாயிருந்தது பணத்துக்காக அன்று என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. அத்தான் சிறிய வண்டியின் பக்கம் திரும்பினார்.

சிறியதெனில் பாரத்துக்குக் கணக்கு வேண்டும். நாம் தாளும் பென்சிலும் எடுத்தோம். சாரதியோடு சேர்த்து வண்டியின் நிறை 2,960 கிலோ, மிச்சம் 540. ஏனைய மூவர் 190. தண்ணீர் 100 லீற்றர், அதாவது 100 கிலோ. 11 கிலோ வாயு அடைக்கும் உருக்குச் சிலிண்டர் இரண்டு, வெறும் சிலிண்டரின் பாரமுஞ் சேர்ந்து 44. வெயில் மறைப்பும் கதிரை மேசையும் 60. படுக்கை, உடை, பாத்திரம், உணவு 120. எஞ்சியது 26 கிலோ மாத்திரம்! அத்தான் விரும்பிய மின்சாரச் சைக்கிள்கள் இரண்டும் அக்கணமே கழிந்தன. தமக்கையாரின் 20 கிலோ அரிசி மூட்டை 5 கிலோவாயிற்று. அன்னையாரின் தோசைக்கல்லைக் குறைக்க மாத்திரம் எவருக்கும் துணிவு வரவில்லை.

செப்டெம்பர் முதல் வாரத்தில், நாம் ஊர் திரும்புவதற்குச் சில நாள் முன்னர், போடன் ஏரியை நோக்கி முதற் பயணம் புறப்பட்டோம். ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளும் சூழ்ந்த 536 சதுரக் கிலோமீற்றர்ப் பரப்புடைய நீர்நிலை அது; றைன் நதி அதனுட் புகுந்து வெளியேறுகிறது. கரையிலுள்ள பிரீட்றிக்ஸ்காபன் நகரருகேதான் 1900 ஜூலை 2இல் முதலாவது செப்பெலின் ஆகாயக் கப்பல் பறந்தது. மறுகரையில் அல்ப்ஸ் மலைகள் நீலமாய் எழுந்து நின்றன.

தண்ணீர் நிரப்பவும் கழிவு நீக்கவும் வசதியுள்ள தரிப்பிடமொன்றில் வண்டியை நிறுத்தினோம். அன்னையார் பிட்டு அவித்தார். சிறிது நேரத்தில் சாளரங்கள் யாவும் ஆவியால் வெளிறிப்போயின. கூரைக் கதவைத் திறந்துவைத்தே சமைக்கவேண்டும் என்னும் பாடத்தை அன்று கற்றோம். வெளியிலிருந்து வரும் மழையைப்போலவே உள்ளிருந்து எழும் ஆவியும் சுவருக்குப் பகையன்றோ! கழிப்பறைப் பெட்டியை வெறுமையாக்கும் பணி மறுநாட் காலை அத்தானைச் சேர்ந்தது. அதை இங்கு விரிப்பது நாகரிகமன்று.

ஆயினும் எம் நினைவில் நிற்பது ஏரியுமன்று, மலையுமன்று. பயணத்தின்போது வீதியோரத்தில் மாவட்ட எல்லையைக் காட்டும் பெயர்ப்பலகை வருந்தோறும், காரணமின்றி வண்டியின் வேகம் சற்றே தணிவதை நாம் கவனித்தோம். முதலில் இயந்திரக் கோளாறோ என்று அஞ்சினோம். நான்காவது பலகையருகிலும் அவ்வாறு நிகழவே அத்தானின் முகத்தைப் பார்த்தோம். அவர் பலகையின் பெயரை வாய்க்குள் மெல்லப் படித்தார். பின்னர் முன்போல ஓட்டினார்.

“என்ன அத்தான்?” என்றோம்.

“ஒன்றுமில்லைத் தம்பி. ஒருவரும் சீட்டுக் கேட்கவில்லை” என்றார்.

பின் ஆசனத்தில் அன்னையார் உறங்கிக்கொண்டிருந்தார். தமக்கையார் சாரதிப் பத்திரம் இருந்த தம் கைப்பையை மடிமீது வைத்தபடி, வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.