விலாசம் தேடி ஒன்பது நாள்!

வெளிநாட்டு வேலைக்குப் போகிறோம் என்றால் நம்ம ஊரில் ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் கொடுப்பார்கள். குக்கர், பருப்புப் பொடி, பாராசிட்டமால், தேங்காய் எண்ணெய், குலதெய்வக் கோயில் விபூதி... எனக்கும் கொடுத்தார்கள். இரண்டு பெட்டி, 46 கிலோ, ஒரு கிராம் மிச்சமில்லாமல் அமுக்கி வைத்து எடுத்துப் போனேன். ஆனால், பெர்லினில் கால் வைத்ததும் எல்லாரும் கேட்ட ஒரே பொருள் அந்த லிஸ்ட்டிலேயே இல்லை. அதுதான் விலாசம்!

நான் திண்டுக்கல் பொண்ணு. கோயம்புத்தூரில் பி.இ., அங்கேயே மூன்று வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். 2025 ஜூன் 2, திங்கட்கிழமை பெர்லின் ஆபீஸில் ஜாயின் பண்ண வேண்டும். மே 24, சனிக்கிழமையே போய் இறங்கிவிட்டேன். நடுவில் முழுசாக ஒன்பது நாள். ஜாலியாக ஊர் சுற்றுவதுதான் பிளான்.

தங்குவதற்கு ஒரு மாசத்துக்கு ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தேன். 'இந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளலாம்' என்று எழுத்திலேயே வாங்கியிருந்தேன். சாவியைக் கையில் கொடுத்தவர், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கூலாகச் சொன்னார். "பதிவு மட்டும் முடியாது. மற்றபடி என்ஜாய் பண்ணுங்க!"

'இதுக்கு எதுக்குங்க இவ்ளோ பில்டப்?' என்கிறீர்களா? சொல்றேன். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடி போனால், இரண்டு வாரத்துக்குள் அரசாங்க அலுவலகத்தில் போய் 'நான் இந்த வீட்டில் இருக்கிறேன்' என்று பதிவு செய்ய வேண்டும். 'அன்மெல்டுங்' என்று பேர். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பதிவு செய்தால்தான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அந்த எண் இல்லாவிட்டால் ஆபீஸில் உச்சபட்ச வரி வகுப்பில், அதாவது ஆறாம் வகுப்பில், உங்கள் சம்பளத்தைப் பிடித்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு தாள் போனால் சம்பளத்தில் பெரிய துண்டு போச்சு!

எனக்கு அதில் ஒரு தனிக் கணக்கு இருந்தது. ஃபிளைட் டிக்கெட், ரூம் அட்வான்ஸ் எல்லாவற்றுக்கும் அம்மாவின் நாலு பவுன் சங்கிலி திண்டுக்கல்லில் அடகுக்குப் போயிருந்தது. முதல் சம்பளத்தில் மீட்டுவிடுவதாகப் பேச்சு. அம்மா வெறும் மஞ்சள் கயிறோடு நிற்கிறாள். இந்த நிலைமையில் ஆறாம் வகுப்பா?

முதல் நாள் ராத்திரி அம்மா போன். "அட்ரஸ் அனுப்புடி. பருப்புப் பொடி தீர்றதுக்குள்ள அடுத்த பார்சல் போடணும்ல."

"அனுப்புறேம்மா" என்றேன். அந்தக் கட்டடத்துக்கு வாசல் எண் உண்டு, தெருப் பேர் உண்டு. ஆனால், உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர் கிடையாது! நம்ம ஊர் அபார்ட்மென்ட் மாதிரி 'எஃப்-2, மூணாவது மாடி' என்றெல்லாம் எழுத முடியாது. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்கிற பேரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். பேர் இல்லை என்றால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும். அந்தப் பெட்டியில் என் பேரை ஒட்டவும் தடா. ஆக, நான் பெர்லினில் இருந்தேன். ஆனால், எங்கேயும் இல்லை!

அடுத்த நாள் ஞாயிறு. அரிசி வாங்கலாம் என்று கிளம்பினால் தெருவே கப்சிப். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் எல்லாம் பூட்டு! சில பேக்கரி, பெரிய ரயில் நிலையத்துக் கடைகள், அவ்வளவுதான். ஒரு ரொட்டியை வாங்கிக் கடித்துக்கொண்டே டெம்பல்ஹோஃப் மைதானம் போனேன். மைதானமா அது? பழைய ஏர்போர்ட்! 1948-49-ல் மேற்கு பெர்லினுக்குள் வரும் சாலைகளை சோவியத் தரப்பு அடைத்தபோது சாப்பாடும் நிலக்கரியும் விமானத்தில் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று. 2008-ல் ஏர்போர்ட்டை மூடினார்கள். 2010-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2014-ல் 'இங்கே வீடு கட்டலாமா?' என்று ஓட்டெடுப்பு வைத்தபோது ஊர் ஜனங்கள் 'கூடாது' என்று சொல்லிவிட்டார்கள். 300 ஹெக்டேருக்கு மேல் வெட்டவெளி. ரன்வேயில் குட்டிப் பசங்க சைக்கிள் ஓட்டுகிறார்கள், தாத்தாக்கள் பட்டம் விடுகிறார்கள். நானும் ரன்வே நடுவில் கெத்தாக நடந்து ஒரு செல்ஃபி எடுத்தேன். 'இதுல கொஞ்சூண்டு இடத்துல வீடு கட்டியிருந்தா எனக்கு ஒரு ரூம் கிடைச்சிருக்குமோ?' என்று மனசு ஒரு நிமிஷம் குறுக்குக் கணக்குப் போட்டது உண்மை.

ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அங்கே சூரியன் மறைகிறது. ஒன்பதரை மணிக்குத் தனியாக நடந்து ரூமுக்குத் திரும்பினேன். திண்டுக்கல்லில் பால் பாக்கெட் வாங்கப் போனாலும் "எங்க போற?"வுக்கு ஒரு பதில் ரெடியாக வைத்திருக்க வேண்டும். இங்கே கேட்க ஆளே இல்லை. முதலில் செம குஷி. மூன்றாவது நாளில் யாராவது கேட்டால் தேவலை என்று இருந்தது.

திங்கள் முதல் வேட்டை. காலையில் ரூம் பார்க்கும் இன்டர்வியூ, மதியம் ஊர் சுற்றல். இன்டர்வியூ என்று சும்மா சொல்லவில்லை. ஒரு வீட்டை நாலு பேர் பகிர்ந்து இருப்பார்கள். ஒருத்தர் காலி செய்தால், வருகிற ஆளை மற்ற மூன்று பேரும் கிச்சனில் உட்கார்ந்து தேர்வு செய்வார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் எட்டு பேர். "ஹாபி என்ன? பாத்திரம் உடனே கழுவுவீர்களா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள்?" ஒரு வீட்டில், "நீங்கள் தாளிப்பீர்களா?" என்ற ரேஞ்சில் ஒரு கேள்வி. வாசனை பிரச்னையாம். நம்ம கேம்பஸ் இன்டர்வியூவே தேவலை என்று நொந்து நூடுல்ஸ் ஆகி வெளியே வந்தேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் இடையில் ரயில்தான். மெட்ரோ ஸ்டேஷனில் கேட்டே இல்லை! டிக்கெட்டை நாமே மெஷினில் முத்திரை குத்திக்கொண்டு உள்ளே போக வேண்டும். திடீரென்று சாதா டிரெஸ்ஸில் ஒருவர் எழுந்து கார்டைக் காட்டுவார். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ அபராதம். நம்பிக்கைக்கு நம்பிக்கை, கண்காணிப்புக்குக் கண்காணிப்பு!

நான்காவது நாள் பெர்னாவர் தெருவில் ஒரு வீடு பார்த்துவிட்டு (பதில்: 'யோசித்துச் சொல்கிறோம்') அப்படியே நடந்தேன். பெர்லின் சுவர் ஓடிய தெரு அது. ஒரு பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் கிழக்கு பெர்லின், அவற்றின் முன்னால் இருந்த நடைபாதை மேற்கு பெர்லின். வீட்டு வாசற்படி தாண்டினால் வேற நாடு! 1961 ஆகஸ்ட் 13-ம் தேதி எல்லையை மூடிய பிறகு, முதலில் வாசலை அடைத்தார்கள். ஜனங்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரர்கள் வலை பிடித்து நின்றார்கள். பிறகு ஜன்னல்களுக்கும் செங்கல் வைத்தார்கள். குடியிருந்தவர்களைக் காலி செய்ய வைத்தார்கள். பிற்பாடு வீடுகளையே இடித்துவிட்டார்கள். பெர்லின் சுவரில் குறைந்தது 140 பேர் உயிரிழந்திருக்கிறார்கள். இப்போது அந்தத் தெரு ஒரு நினைவிடம். புல்வெளி, நடுவில் துருப்பிடித்த இரும்புக் கம்பிகள் வரிசை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் இடுக்கில் நுழைந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று ரூம் வாசலில் வந்து சாவியைத் தேடும்போது காலடியில் ஏதோ மின்னியது. பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பித்தளைத் தகடு, நடைபாதைக் கல்லோடு பதித்திருந்தது. நாலு நாளாக அதைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறேன். நாஜிகள் பிடித்துப் போனவர்கள், தாங்களாக விரும்பிக் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில் இப்படிப் பதிக்கிறார்கள். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை. பெர்லினில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 'இங்கே குடியிருந்தார்' என்று ஆரம்பித்து, பேர், பிறந்த வருஷம், எங்கே கொண்டுபோனார்கள் என்று முடிகிறது. செல்போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். அழைப்பு மணியில் அந்தப் பேர் இல்லை. தரையில் இருக்கிறது.

மே 29 வியாழக்கிழமை. மறுபடியும் கடையெல்லாம் மூடல். இயேசு விண்ணேற்றத் திருநாளாம். வெள்ளிக்கிழமை முதல் வேலையாக ஒரு தமிழ்க் கடையைக் கண்டுபிடித்துப் போனேன். முருங்கைக்காய், புளி, பொன்னி அரிசி, ரேடியோவில் சீர்காழி. கல்லாவில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அறுபதைத் தொட்ட வயசு.

"எந்த இடம் பிள்ளை?"

"திண்டுக்கல், அங்கிள். வேலைக்கு வந்திருக்கேன். ஏழு நாள் ஆச்சு."

"அப்ப எல்லா இடமும் சுத்திப் பாத்தாச்சோ?"

ரூம் புராணத்தைக் கொட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

"நான் எண்பத்துநாலில வந்தனான். பத்தொன்பது வயசு. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அம்மா இருக்க விடேல்லை. மொஸ்கோவால வந்து ஷோனஃபெல்டில இறங்கினது. அங்கயிருந்து ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராசே ஸ்டேஷன். கிழக்குப் பக்கத்துப் போலீஸ் சீல் குத்தி விட்டிடும். மேற்குப் பக்கத்தில ஆரும் மறிக்கேல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2020-ல் திறந்த பெர்லினின் புது ஏர்போர்ட் இருப்பது அதே ஷோனஃபெல்டில்தான். ஏழு நாளைக்கு முன்னால் நானும் அங்கே இறங்கி, அதே ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராசேயில் ரயில் மாறினேன். 46 கிலோவை இழுக்கிற அவதியில் தலையைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். பிரிந்திருந்த காலத்தில் மேற்கு ஜெர்மனி அந்தக் கோட்டை நாட்டு எல்லை என்று ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அங்கே பாஸ்போர்ட் சோதனை வைக்கவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் ஏராளமான ஈழத் தமிழர்கள் கிழக்கிலிருந்து மேற்கு பெர்லினுக்குள் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். மேற்கு ஜெர்மனி நெருக்கியதில், 1986-க்குள் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்துவிட்டது.

"அப்புறம் ஊரைச் சுத்திப் பாத்தீங்களா அங்கிள்?"

"எங்க சுத்துறது? கேஸ் முடியுமட்டும் நகரத்தை விட்டு வெளிய போகேலாது. நகரத்தைச் சுத்தி மதில். வேலை செய்யவும் விடமாட்டினம். ஹைமில நாலு பேருக்கு ஒரு அறை. அம்மாவிட்ட இருந்து முதல் கடிதம் வர நாலு மாசம். அவ பழைய ஹைம் விலாசத்துக்குப் போட்டவ. அதுக்குள்ள என்னை வேற ஹைமுக்கு மாத்திப்போட்டினம்." ஹைம் என்றால் அகதிகள் விடுதி. "இஞ்ச பேர்தான் பிள்ளை விலாசம். பெட்டியில பேர் இருந்தால்தான் நீ இருக்கிறாய்."

புளிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நான் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வேறு எங்கும் போகவில்லை. ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராசே ஸ்டேஷனுக்குப் போய் இறங்கி நின்றேன். பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் கூடம், 1962-ல் கட்டியது. கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்களைச் சோதனை செய்து அனுப்பிய இடம். வழியனுப்ப வந்தவர்கள் அழுது பிரிந்ததால் 'கண்ணீர் மாளிகை' என்றே பேர். 2011 முதல் மியூசியம், அனுமதி இலவசம். உள்ளே குறுகலான சோதனைக் கூண்டுக்குள் நின்று பார்த்தேன். என் கையில் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் எல்லாம் பக்காவாக இருந்தன. என் கவலை ஒரு தாள். பத்தொன்பது வயசில் ஒரு தாளும் இல்லாமல் இதே ஸ்டேஷனில் நின்ற பையனை நினைத்துப் பார்த்தேன். அதனால் என் பிரச்னை ஒன்றும் சின்னதாகிவிடவில்லை, சங்கிலி அடகில்தான் இருந்தது. ஆனால், ஒன்பது நாளும் 'ஊர் சுற்றிப் பார்க்கிறேன்' என்று சொல்லிக்கொள்ள முடிந்ததே, அது எவ்வளவு பெரிய வசதி என்று அங்கேதான் உறைத்தது.

திங்கட்கிழமை விலாசம் இல்லாமலேயே ஜாயின் பண்ணினேன். பயந்தபடியே முதல் சம்பளத்தில் ஆறாம் வகுப்புப் பிடித்தம். அம்மாவிடம் சொன்னபோது, "சங்கிலி எங்கயும் ஓடிப் போகாது, நீ சாப்டியா?" என்றாள். நடுவில் இன்னும் ஒரு தற்காலிக ரூம். பதினான்காவது இன்டர்வியூவில், ஜூலையில், வெடிங் பகுதியில் ஒரு ரூம் கிடைத்தது. தாளிக்கலாம் என்று பர்மிஷனும்! கையெழுத்துத் தாளோடு போனால் பதிவு பத்தே நிமிஷத்தில் முடிந்தது. கட்டணமும் இல்லை. வரி எண் வந்தது. அதிகமாய்ப் பிடித்த பணம் அடுத்தடுத்த சம்பளத்தில் திரும்பியது. செப்டம்பரில் சங்கிலி அம்மா கழுத்துக்குப் போய்விட்டது.

வெளிநாடு கிளம்பும் தோழர், தோழிகளே... குக்கரை மறந்தாலும் பரவாயில்லை. பதிவுக்கான கையெழுத்துத் தாளின் மாதிரியை முன்கூட்டியே அனுப்பி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். இடையில் சில நாட்கள் கிடைத்தால் கண்டிப்பாக நடங்கள். ஆபீஸ் தொடங்கிவிட்டால் வீடு, ரயில், ஆபீஸ் என்று ஊர் ஒரே கோடாகச் சுருங்கிவிடும்.

பதிவு முடிந்த அன்றைக்கே வெடிங் வீட்டுத் தபால் பெட்டியில் பேர் ஒட்டினேன். நமக்கு ஏது குடும்பப் பேர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பேர்தான். அதையே ஒட்டினேன். இதுவரை விமானத்தில் ஏறாத, திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷர். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"பெட்டிக்குப் பூட்டு நல்ல பூட்டா பாப்பா?"