பெருஞ்சமரும் ஒரு கூழ்ப் பந்தயமும்

மாசிப் பனி நீங்கி வெயில் முற்றத் தொடங்கும் மார்ச்சு மாதத்திலே யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வரும் அந்நியர் ஒருவர், தெருவிலே கொடிகட்டிய லொறிகளையும், மேளமும் ஊதுகுழலும் முழங்க ஆடிப்பாடிச் செல்லும் மாணவர் கூட்டத்தையும் கண்டு, ஏதோ தேர்தல் வந்துவிட்டது போலும் என எண்ணுதல் கூடும். தேர்தலன்று, துடுப்பாட்டம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904 ஆம் ஆண்டு தொடங்கிய இப்போட்டியினை ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று வழங்குவர். கொழும்பிலே றோயல் கல்லூரியும் சென். தோமஸ் கல்லூரியும் 1879 முதல் பொருதி வருகின்றன. அதற்கு ஓராண்டு முன்னதாக, 1878 இல், அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்துக் கல்லூரிகள் இரண்டு இத்தகைய ஆட்டத்தைத் தொடங்கிவிட்டன. இவற்றோடு ஒப்பிடுங்கால் நமது சமர் இளையதேயாயினும், இடையிலே வந்த உண்மைப் போர் சில ஆண்டுகளை விழுங்கியும் அறாது தொடர்வது என்ற பெருமை இதற்கு உண்டு.

சென்ற சில ஆண்டுகளுள் ஒன்றிலே இச்சமரைக் காண நாம் சென்ற கதையையே ஈண்டு எழுதப் புகுந்தோம். காணச் சென்றோம் என்பதிலும், கணிக்கச் சென்றோம் என்பதே பொருந்தும். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த எம் மனைவியின் தம்பி, அவ்விரு கல்லூரிகளுள் ஒன்றின் பழைய மாணவர். “இம்முறை எங்கட பொடியள் வெல்லுறது நிச்சயம், அத்தான்” என்று அவர் அடித்துக் கூறினார். நாமோ வடமராட்சிக் கல்லூரியொன்றிலே கணிதம் கற்பிப்பவர். இரு பக்கமும் சாராதவர். “வெற்றி தோல்வியின்றி முடியும், தம்பி” என்றோம். தோற்றவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டாருக்கெல்லாம் ஒடியற் கூழ் காய்ச்சுவிக்க வேண்டும். நண்டும் இறாலும் அவர் செலவு. இதுவே பந்தயம்.

கணித ஆசிரியனுக்குப் பந்தயம் கிடைத்தால் வாளாவிருப்பானா? எண்பது பக்க அப்பியாசக் கொப்பியொன்றை வாங்கினோம். அந்தப் பருவத்திலே இரு அணிகளும் பிற கல்லூரிகளோடு ஆடிய ஆட்டங்களின் ஓட்ட விபரங்களைப் பழைய பத்திரிகைகளிலிருந்து தேடி, ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் குறித்தோம். சில ஆட்டங்களை நேரிலும் கண்டோம்.

குறிக்கக் குறிக்க ஓர் உண்மை புலனாயிற்று. நூறாண்டு வரலாற்றிலே எந்தக் கல்லூரி எத்தனை முறை வென்றது என்பதை வைத்து இவ்வாண்டின் முடிவைச் சொல்லுதல் வீண். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் ஆடும் ஆட்டம் இது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அணியே மாறிவிடும். கல்லூரியின் பெயர் மட்டும் நிற்கும். இனி, ஒரு மாணவனின் இப்பருவத்து ஆட்டத்தை வைத்துச் சொல்லலாமெனின், அவன் ஆடியது பத்துப் பன்னிரண்டு முறையே. அதற்குள் ஒருமுறை எழுபது ஓட்டம் எடுத்திருந்தால் அவன் சராசரி வானளாவி நிற்கும். பரீட்சை ஒன்றில் ஒரே வினாவைக் கொண்டு மாணவனை மதிப்பிடுவதற்கு ஒப்பானது அது. எஞ்சியது ஒன்றே: மூன்று நாளில் இருபது இலக்குகளையும் வீழ்த்துதல் பள்ளிப் பந்துவீச்சாளருக்கு எளிதன்று, ஆதலாற்றான் இச்சமரின் ஏட்டிலே முடிவின்றி முடிந்த ஆட்டங்கள் மலிந்து கிடக்கின்றன. எமது கணிப்பின் முதுகெலும்பு இதுவேயன்றி வேறில்லை. கொப்பியின் மிகுதிப் பக்கங்கள் எமது ஆசைக்காக எழுதப்பட்டவை.

மேல்நாட்டார் இத்துறையைத் தொழிலாகவே வளர்த்துவிட்டனர். அமெரிக்காவிலே கல்லூரி மாணவர் ஆடும் அவர்கள் நாட்டு உதைபந்தாட்டத்துக்குப் பந்தயம் பிடிப்போர், பலமான அணி வெல்லுமா என்று கேட்பதில்லை. இத்தனை புள்ளி இடைவெளிக்கு மேல் வெல்லுமா என்றே கேட்கின்றனர். பதினொரு டாலர் வைத்தவர் வென்றால் அவருக்குக் கிடைக்கும் இலாபம் வழக்கமாகப் பத்து டாலர். ஆகவே நூற்றுக்கு ஐம்பது முறை சரியாகச் சொல்பவரும் நட்டமடைவார். ஐம்பத்திரண்டரை முறையளவு சரியாகச் சொன்னாற்றான் முதல் தேறும். 2018 ஆம் ஆண்டு அந்நாட்டு உயர் நீதிமன்றம் மாநிலங்களுக்கு இருந்த தடையை நீக்கியபின் இவ்வழக்கம் பெருகியது. பின்னர், தனியொரு மாணவனின் ஆட்டத்தின்மேல் பணம் கட்டுதலைச் சில மாநிலங்கள் விலக்கின.

நமது முறைக்கு ஓர் உதாரணம் காட்டுவோம். ஒரு தரகர், முதல் அணி வென்றால் ஒன்றுக்கு இரண்டரை, முடிவின்றேல் இரண்டரை, இரண்டாம் அணி வென்றால் நான்கு தருவதாகச் சொல்கிறார் எனக் கொள்க. முறையே நாற்பது, நாற்பது, இருபத்தைந்து ரூபாவை மூன்றின்மேலும் வைத்தால், எது நிகழினும் கைக்கு வருவது நூறு ரூபா, வைத்தது நூற்றைந்து. அந்த ஐந்து ரூபாவே தரகரின் சோறு. இதை எம் மாணவர்க்குப் பின்னங்கள் கற்பிக்கையிற் சொல்வதுண்டு. சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் இவ்வளவு கணக்குப் பார்த்தாரோ அறியோம்.

வெள்ளிக்கிழமை, ஆட்டத்தின் இரண்டாம் நாள், விடுப்பு எடுத்தோம். விண்ணப்பத்திலே ‘சொந்த அலுவல்’ என்று எழுதியது பொய்யாகுமா என்பதை வாசகர் தீர்மானிக்க. நெல்லியடியிற் பேருந்தேறினால், முதலிற் குறுக்கிடுவது வல்லைவெளி. மரமற்ற அவ்வெளியிலே கடல்நீரேரிக் காற்று யன்னல் வழியே புகுந்து கொப்பியின் தாள்களைப் புரட்டியது. ஆவரங்கால், புத்தூர் கடந்து நீர்வேலியை அணுகுகையில் செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும் கண்ணுக்கு இதமளிக்கின்றன. பின்னர் கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு, நல்லூர், பட்டினம்.

மத்திய கல்லூரி மைதானம் அமைந்துள்ள சூழல் யாழ்ப்பாணச் சரித்திரத்தின் ஒரு தாள் எனலாம். ஒருபுறம் வேல்ஸ் இளவரசர் 1875 இல் இலங்கை வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம். அணித்தே 1981 இல் எரிக்கப்பட்டுப் பின் மீண்டும் எழுப்பப்பட்ட பொதுநூலகம். அப்பால் துரையப்பா விளையாட்டரங்கு. அதற்கப்பால் போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிய கோட்டை. 1990 இல் அக்கோட்டை முற்றுகையிடப்பட்டபோது இச்சுற்றாடலே சிதைந்தது. இன்று அங்கே கச்சான் விற்போரும் ஐஸ்கிறீம் வண்டிக்காரரும் கூவுகின்றனர். 1816 இல் மெதடிஸ்த மிசனரிமார் நிறுவிய கல்லூரியும், 1823 இல் அங்கிலிக்கன் மிசனரிமார் நிறுவிய கல்லூரியும் பொருதும் இடத்திலே, விபூதி பூசிய முதியவர்கள் தத்தம் கல்லூரிக்காகத் தொண்டை கிழியக் கத்துவதைக் காண்பது தனி இன்பம். மத்திய கல்லூரியிலிருந்து சென்ற சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 இல் ஐ.பி.எல். ஆட்டத்திலே பந்து வீசியபின், எல்லைக்கோட்டருகே நிற்கும் சிறுவர் அனைவரும் மணிக்கட்டைத் திருப்பியே பந்தை எறிகின்றனர்.

வெள்ளிக்கிழமை எமது கணிப்பு நன்றாகவே நடந்தது. சனிக்கிழமையே சோதனை. மைத்துனரின் அணி பந்து வீசியது. எதிரணி மாலைவரை தாக்குப்பிடிக்க வேண்டும். நான்கு இலக்குகள் மளமளவென வீழ்ந்தன. மைத்துனர் தம் தோழரோடு கூடாரத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அப்பொழுது துடுப்பெடுத்து வந்த மாணவனைக் கண்டதும் கொப்பியைப் புரட்டினோம். எம் கையெழுத்திலே இவ்வாறு இருந்தது: ‘மெதுவான சுழற்பந்துக்கு முன்காலை நீட்டான். பயந்தவன். பத்து ஓட்டத்துக்குள் வீழ்வான்.’

எமக்குப் பின்வரிசையிலே இளைஞர் மூவர் இருந்தனர். இரு கல்லூரிகளிலும் கற்றவராகத் தோன்றவில்லை. அவர்கள் கையிலே தொலைபேசி, மடியிலே ஐந்நூறு ரூபாத் தாள்கள். அடுத்த ஓவரிலே இவன் ஆட்டமிழப்பானா என்பதற்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தனர். அவன் ஒரு பந்தைத் தடுத்தால் ஒருவன் பணத்தை இழந்தான். இழந்தவன் மாணவனின் தாயைக் குறித்து ஏசினான். பதினேழு வயதுப் பிள்ளை. இலங்கையிலே விளையாட்டுக் குற்றங்களைத் தடுக்க 2019 இல் ஒரு சட்டம் ஆக்கப்பட்டுள்ளது. ஆட்ட முடிவை விலைக்கு மாற்றுவோருக்குப் பத்தாண்டு வரை சிறையுண்டு. ஆயின் தென்னோலைப் பந்தலின் பின்வரிசையை எந்தச் சட்டம் எட்டிப் பார்க்கும்?

திரும்பிக் கண்டிக்க வாயெடுத்தோம். கையிலிருந்த கொப்பி எம்மைத் தடுத்தது. அவர்கள் தாளிலே வைத்ததை நாம் கூழிலே வைத்தோம் என்பதன்றி வேறுபாடு யாதென ஒரு கணம் திகைத்தோம். இறுதியில், “தம்பிமார், வாயைக் காத்துப் பேசுங்கோ” என்று மட்டும் சொன்னோம். அவர்கள் சிரித்துவிட்டு வேறிடம் பெயர்ந்தனர்.

பக்கத்திலிருந்த மனிதர், கழுத்திலே துவாய் சுற்றியவர், அதுவரை ஒரு சொல்லும் பேசாதவர், மெல்லக் கேட்டார்: “மாஸ்டர், நம்பர் ஆறிலை விளையாடுறவனைப் பற்றி என்ன எழுதி வைச்சிருக்கிறியள்?”

ஏன் கேட்கிறீர்கள் என்றோம்.

“அவன் என்ரை மகன்.”

கொப்பியை மூடலாமா எனத் தோன்றியது உண்மை. ஆனால் அவர் அதற்குள் வாசித்துவிட்டார். நெடுநேரம் மைதானத்தையே பார்த்திருந்தார். “முன்கால் சங்கதி சரி, மாஸ்டர். பயம் எண்டது சரியில்லை. போன வருசம் பந்து பட்டுக் கன்னம் வெடிச்சது. இரண்டாம் நாளே பாட்டைக் கையிலை எடுத்தவன்.”

நாம் மறுமொழி கூறவில்லை. பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை வெட்டினோம். அவரும் நாமும் பந்து பந்தாக எண்ணத் தொடங்கினோம். அவன் நின்றான். பத்தைக் கடந்தான், எமது கணிப்பு பிழைத்தது. அவன் நிற்க நிற்கவே எமது பந்தயம் பிழைக்கும் என்பது இடைநடுவிலேதான் எமக்கு நினைவு வந்தது. ஒன்றரை மணி நேரத்தின் பின், இருபத்து மூன்று ஓட்டங்களுடன், முன்காலை நீட்டாமலே ஆட்டமிழந்தான். அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. ஆட்டம் முடிவின்றி முடிந்தது.

எழுந்து துவாயை உதறிய அம்மனிதர், “அந்தத் தாளைத் தருவியளோ? அவனுக்குக் காட்ட வேணும்” என்றார். கிழித்துக் கொடுத்தோம். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று மைத்துனர் பாசையூருக்குச் சென்று நண்டு வாங்கி வந்தார். பலாவிலையிற் கூழ் ஊற்றிக் குடிக்கையில், எமது கணிப்பைப் பார்க்க வேண்டுமென்று கொப்பியைக் கேட்டார். புரட்டிப் பார்த்தவர், “ஆறாம் இலக்கப் பொடியன்ரை பக்கம் எங்கை, அத்தான்? எங்களைக் கெடுத்தவனே அவன்தானே” என்றார்.

கூழ் ஆறுகிறது, குடியும் என்றோம்.