3.99 ஜிபி

மன்னார்குடியில் இருபத்தைந்து வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறவர் அவர். ஒருநாள் காலையில் போன். "அண்ணா, 2011ல எங்க கல்யாணத்துக்கு நீங்கதான் போட்டோ எடுத்தீங்க. அப்பா தவறிட்டாங்க. ஆல்பம் கஜா புயல்லயே நனைஞ்சு ஒட்டிப்போச்சு. அப்பா இருக்கிற படம் ஒண்ணாவது கிடைக்குமா?"

"இருக்கும்மா, எடுத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

பழைய கல்யாணங்கள் எல்லாம் இருப்பது பேக்கப் ஹார்ட் டிஸ்க்கில். அந்த பேக்கப் சாஃப்ட்வேரோ மூன்று மாதமாக மக்கர் செய்துகொண்டிருந்தது. 'கேட்டலாக் ஃபைல் பழுது' என்று வரும். ரீபில்ட் கொடுத்தால் இரவெல்லாம் ஓடிச் சரியாகும். நாலைந்து நாளில் மறுபடி அதே வரி. அன்று காலையும் அதே வரிதான்.

கேட்டலாக் என்பது, எந்தப் படம் எந்த மூட்டையில் கிடக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் பேரேடு. பேரேடு கிழிந்தாலும் சரக்கு குடோனில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால், சாஃப்ட்வேர் ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதால், பேரேடு இல்லாமல் ஒன்றைக்கூட உருவ முடியாது.

கரன்ட் போவதால் கெடுகிறது என்று நினைத்து யுபிஎஸ் வாங்கினார். கேபிளை மாற்றினார். ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைத் தொடாதபடி செய்து பார்த்தார். கடைசியில், கேட்டலாக் இருந்த 32 ஜிபி பென் டிரைவையே மாற்றினார். பீரோவையும் சாவியையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அதைத் தனியாகப் பென் டிரைவில் வைத்திருந்தார். யோசனையில் தப்பில்லை.

தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படிக்கும் அக்கா மகளைக் கூப்பிட்டார். மதியமே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"மாமா, கெட்டுப்போன ஃபைலையெல்லாம் அழிச்சுட்டீங்களா?"

"இல்லம்மா. பேர் மாத்தி கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கேன்."

எதையும் தூக்கிப் போடாத குணம் வீட்டில் தினமும் திட்டு வாங்கித் தரும். அன்று அதுதான் கைகொடுத்தது. நான்கு ஃபைல்கள். நான்கின் அளவும் 3.99 ஜிபி.

"கரன்ட் போய்க் கெட்டுச்சுன்னா ஒவ்வொண்ணும் ஒரு சைஸ்ல இருக்கணும். எல்லாம் ஒரே இடத்துல வந்து முட்டி நிக்குது பாருங்க மாமா."

விஷயம் இதுதான். கடையில் வாங்கும் 32 ஜிபி பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகி வரும். அதில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஒரே ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது. ரீபில்ட் செய்தால் கேட்டலாக் கொஞ்சம் இளைத்து, அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு இரவும் அன்றைய பட்டியல் சேரச் சேர, நாலைந்து நாளில் தலை இடிக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும். புது பென் டிரைவும் அதே ஃபார்மேட்தான். பிறகு எப்படித் தீரும்?

கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கில், என்டிஎஃப்எஸ் முறையில் அந்த 4 ஜிபி தடை கிடையாது. கேட்டலாக்கை அங்கே மாற்றி ரீபில்ட்டை ஓடவிட்டாள். வாரம் ஒரு நகல் இன்னொரு டிஸ்க்குக்குப் போகவும் வழி செய்தாள். தினமும் எழுதுவதற்குப் பென் டிரைவ் லாயக்கில்லை என்று மாமாவுக்கு லேசாக ஒரு டோஸும் விட்டாள்.

அன்று இரவு அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டூடியோ பெஞ்சிலேயே படுத்து, மணிக்கொருதரம் எழுந்து அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் முடிந்தது. 2011ஐத் திறந்தார். மேடையில் தாலி கட்டும் படங்களில் அந்த அப்பாவைக் காணோம். பந்தியில்தான் கிடைத்தார். தோளில் துண்டு, கையில் சாம்பார் வாளி, யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார்.

அதையே அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை.

"சாம்பார் வாளியை எடுத்துட்டு, முகத்தை மட்டும் வச்சுத் தரவாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம்ண்ணா, வாளியோடவே இருக்கட்டும்."