வரிப்பள்ளம் இட்ட குழல்

ஆஸ்திரிய நாட்டின் தென்னெல்லையில், கரிந்தியா மாநிலத்தில், திராவ் நதிக்கும் கரவாங்கன் மலைத்தொடருக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கும் ஃபெர்லாக் என்னும் சிற்றூரை வரைபடத்தில் கண்டுபிடிக்கவே சற்றுச் சிரமப்பட வேண்டும். ஆயினும், வேட்டைத் துப்பாக்கியில் அக்கறை கொண்டவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அவ்வூரின் பெயரை அறிந்தே இருப்பார்கள். கரிந்தியாவின் இரும்பும், மலைக்காடுகளின் கரியும், சம்மட்டிகளை இயக்கும் ஓடைநீரின் விசையும் ஒருங்கே வாய்த்ததனால், 16-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே துப்பாக்கித் தொழில் வேரூன்றி, ஹாப்ஸ்பர்க் அரசின் படைகளுக்கு ஆயுதம் செய்து கொடுத்து வந்தது. பெருந்தொழிற்சாலைகள் எழுந்து படைத்துப்பாக்கிகளை ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கத் தலைப்பட்ட பின், ஃபெர்லாக் கம்மியர் ஒவ்வொன்றாகக் கையால் இழைக்க வேண்டிய வேட்டைத் துப்பாக்கியின் பக்கம் திரும்பினர். 1878-ல் நிறுவப்பெற்ற துப்பாக்கித் தொழிற்பள்ளி இன்றும் அங்கே மாணவர்களைப் பயிற்றுவித்து வருகிறது.

நான் அங்கே சென்றது துப்பாக்கி வாங்குவதற்கன்று. நெடுநாளாக நடந்துவரும் ஒரு விவாதத்தின் உண்மையைப் பிரத்தியட்சமாகக் காண வேண்டும் என்ற ஆவலினால்தான். ரைபிள் குழலின் வெளிப்புறத்தில், நீளவாக்கில், ஐந்தாறு பள்ளங்களைச் சம இடைவெளியில் வெட்டிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்குத் தனிக் கூலியும் உண்டு. அங்ஙனம் பள்ளமிட்ட குழல் இலேசாகும், விறைப்பு மிகும், விரைவில் குளிரும், ஆதலால் குறியும் பிசகாது என்பர் ஒரு சாரார். அத்தனையும் கண்ணுக்கு அழகேயன்றிக் கைக்குப் பிரயோஜனமில்லை என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே குழலைப் பார்த்துக்கொண்டே இங்ஙனம் மாறுபடுவது எவ்வாறு என்பதே என் சந்தேகம்.

நான் புகுந்த பட்டறையில் தலைமைக் கம்மியர் அறுபதைக் கடந்தவர். அரம் பிடித்துத் தடித்த விரல்களும், எதிரிலிருப்பவரின் பேச்சை முடியவிட்டுப் பின் பேசும் நிதானமும் உடையவர். என் அரைகுறை ஜெர்மன் மொழியைப் பொறுத்துக்கொண்டு, முதலில் வேலையைப் பாருங்கள், பிறகு வாதம் செய்யலாம் என்று என்னை மில்லிங் இயந்திரத்தின் அருகே அழைத்துச் சென்றார்.

அங்கே, ஃபெர்லாக் பள்ளியில் படித்துத் தேறிய இளம்பெண் ஒருத்தி குழல் ஒன்றை இரு முனைகளிலும் கூர்களுக்கு இடையே பொருத்தி, நடுவில் தொய்யாதபடி தாங்கி கொடுத்து, வட்டத்தைச் சமபாகமாகப் பகுக்கும் டிவைடிங் ஹெட்டினால் நிலை குறித்துக் கொண்டிருந்தாள். ஒரு பள்ளத்தை முழு ஆழத்துக்கு வெட்டி முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்வதில்லை. சிறிது ஆழம் வெட்டியதும் குழலைத் திருப்பி அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் வெட்டுகிறாள். இவ்வாறு மாறி மாறி வெட்டினால்தான் எஃகு ஒரு பக்கமாக வளையாமல் இருக்கும். எண்ணெய் வழிந்துகொண்டே இருக்க, வெட்டுக் கருவியின் ஓசை சிறிது கரகரத்தவுடன், அளவுகோலைப் பார்க்குமுன்னரே அவளுடைய கை இயந்திரத்தின் ஓட்டத்தைத் தணித்துவிடுகிறது. அந்த அதிர்வை விட்டுவைத்தால் பள்ளத்தின் உட்புறம் அலையலையாகிவிடும். பின்னர் அதைத் தேய்த்து மெருகிடுவது வெட்டுவதைவிடப் பெரிய வேலை என்றாள்.

மேஜைக்குத் திரும்பியதும் கிழவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பள்ளமிட்ட குழலை நீங்கள் எந்தக் குழலோடு ஒப்பிடுகிறீர்கள்?" பின்னர்க் காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினார். வெளிவிட்டம் 19 மில்லிமீட்டர், துளை 7.62 மில்லிமீட்டர் உள்ள ஒரு குழலில், 5 மில்லிமீட்டர் அகலமும் 2.5 மில்லிமீட்டர் ஆழமுமாக அரைவட்டப் பள்ளங்கள் ஆறு வெட்டினால், அவ்விடத்து எஃகில் ஏறக்குறைய 23 சதவீதம் நீங்கிவிடுகிறது. 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டினால் சுமார் 200 கிராம் எடை குறைகிறது. ஆனால் விறைப்போ, நீங்கிய எஃகு முழுவதும் வெளிவிளிம்பைச் சேர்ந்தது ஆதலாலும், விறைப்புக்கு உதவுவது அவ்விளிம்பே ஆதலாலும், பள்ளமிடாத அதே குழலைவிட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறையத் தாழ்ந்துவிடுகிறது. எஃகை வெட்டி எறிந்து விறைப்பைக் கூட்டும் வித்தை எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

இனி, அதே எடை குறையும்படி பள்ளமின்றிக் கடைந்து மெலியச் செய்த 17 மில்லிமீட்டர்க் குழல் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை மாறுகிறது; எடை ஒன்றாயிருக்க, பள்ளமிட்டதே அதனினும் விறைப்பாயிருக்கிறது. ஆனால் எவ்வளவு? இந்த அளவுகளுக்கு ஏறக்குறைய 6 சதவீதம். போட்டிகளில் வழங்கும் மிகப் பருத்த குழல்களில், பள்ளத்தையும் ஆழமாக வெட்ட இடமிருப்பதனால், இந்த ஆதாயம் மேலும் கூடும். மெல்லிய வேட்டைக் குழலில் அதை உணரவே இயலாது. விற்பவர் சம எடையுள்ள குழலை மனத்தில் வைத்துப் பேசுகிறார். வாங்குபவர் சம விட்டமுள்ள குழலை மனத்தில் வைத்துக் கேட்கிறார். விவாதத்தின் மூலம் இதுவே என்று எனக்கு அப்பொழுது தெளிவாயிற்று.

சூட்டைப் பற்றிய வாதத்தையும் அவர் விடவில்லை. மேற்கூறிய பள்ளங்களால் குழலின் மேற்பரப்பு கால் பங்கு அளவுக்கு விரிகிறது என்பது மெய்; அதனால் குளிர்வதும் ஓரளவு துரிதப்படும். ஆனால் சூட்டை ஏற்றுக்கொள்ள வேண்டிய எஃகும் கால் பங்குக்குச் சிறிதே குறைய நீங்கிவிட்டதனால், ஒவ்வொரு வேட்டுக்கும் குழல் முன்னிலும் அதிகமாகக் காய்கிறது. கனத்த தோசைக்கல் மெல்லக் காய்ந்து மெல்ல ஆறுவதையும், மெல்லிய தகடு சட்டென்று காய்ந்து சட்டென்று ஆறுவதையும் நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவார்கள். மேலும், மலையாட்டை நாடிச் செல்லும் ஆல்ப்ஸ் வேட்டைக்காரன் நாள் முழுவதும் ஏறி ஒரு வேட்டோ இரண்டு வேட்டோ சுடுபவன். ஆறிக் கிடக்கும் குழலிலிருந்து புறப்படும் முதல் தோட்டாவே அவனுக்கு முக்கியம்.

இலாபத்தைப் பற்றிப் பேசுவோர் மறைத்துவிடும் அபாயம் ஒன்றும் உண்டு. துளைக்குள் சுருள்வரி இடும் முறைகளில், வெட்டுளியால் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுப்பது எஃகுக்கு அதிக நெருக்கடி தருவதில்லை. கடினமான குமிழை அழுத்தி இழுப்பதும், உள்ளே அச்சுக்கம்பியை நுழைத்து வெளியே குளிர்நிலையில் சம்மட்டிகளால் அடிப்பதும், எஃகினுள் பெரும் அழுத்தத்தைத் தேக்கி வைப்பன. அத்தகைய குழலை உலையிலிட்டு அந்த அழுத்தத்தைத் தீர்க்காமல் வெளிப்புறத்தில் பள்ளமிட்டால், அடக்கி வைத்திருந்த எஃகு நெகிழ்ந்து, பள்ளத்துக்கு நேர் கீழே துளை இம்மியளவு அகன்றுவிடக் கூடும். அவ்வளவும் போதும், குறி கெடுவதற்கு. ஆகவேதான் இந்தப் பட்டறையில், பள்ளமிட்ட பின் ஈயக்கட்டியால் துளையைத் தேய்த்து, முனையிலிருந்து முனைவரை அளந்து பார்த்த பிறகே அடுத்த வேலை தொடங்குகிறது. முடிந்த துப்பாக்கி ஃபெர்லாக்கிலேயே உள்ள அரசாங்கச் சோதனைச் சாலைக்குச் சென்று, அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தினும் 25 சதவீதம் மிகுந்த தோட்டாவைத் தாங்கிய பின்னரே முத்திரை பெறுகிறது. கூலியில் பெரும்பகுதி பள்ளம் வெட்டுவதற்கன்று, அதனால் கெடுதி விளையாமல் காப்பதற்கே என்று கிழவர் சொன்னது எனக்கு மிக நியாயமாகப் பட்டது.

என் அபிப்பிராயத்தை இவ்வளவில் கூறிவிடலாம். குறியின் நேர்மையைத் தீர்மானிப்பது குழலின் உட்புறமே. வெளியே வெட்டும் பள்ளம் அதைக் கெடுக்கலாமேயன்றித் திருத்தாது. விறைப்பு ஒன்றையே வேண்டுபவர் முழுக் கனத்தையும் சுமக்க இசைய வேண்டும். இலேசு ஒன்றையே வேண்டுபவர் குழலை மெலியக் கடைந்து வாங்கினால் செலவும் மிச்சம். பருத்த குழலும் வேண்டும், எடைக்கும் வரம்பு உண்டு என்னும் போட்டியாளருக்கே இது மெய்யாகப் பயன்படுகிறது. மற்றவர்கள் அழகுக்காகச் செய்துகொள்வதில் குற்றமில்லை. அழகுக்குக் கொடுக்கும் பணத்தை அழகுக்கென்றே கொடுப்பதில் கௌரவக் குறைவும் இல்லை. ஆனால் பணம் கொடுக்குமுன், எந்தக் குழலோடு ஒப்பிட்டு இதை உயர்வென்று சொல்கிறீர்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். பள்ளமிட்ட பிறகு துளையை அளந்து பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான விடை கிடைக்காவிட்டால், பள்ளமிடாத குழலே உத்தமம்.